தவிசாளர் கேட்ட நாடகம்

நாடாவை வெட்டி, குழாயைத் திறந்து, எல்லோரும் கைதட்டி ஓய்ந்த பிறகும் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. காற்று மட்டும் சீறியது. பொன்னாடையோடு நின்ற எங்கள் தவிசாளரின் முகம் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அப்போது நான் தீவுப்பகுதியில் அவர் தலைவராக இருந்த பிரதேச சபையின் எழுதுவினைஞர். ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலியில் போன நகைச்சுவை நாடகத்தை வேறு பெயரில் எழுதியவளும் நான்தான். அது வானொலிக்காரரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. எங்கும் இல்லாத ஒரு தீவின் பிரதேச சபைதான் கதை. எழுவைதீவில் மீனவர்கள் வலை திருத்திக்கொண்டே கேட்பார்களாம். அந்த வாரம் என் நாடகத் தவிசாளர் முழங்கினார்: "தண்ணி எல்லா ஊரிலையும் வரும். குழாயிலை காத்து வாறது எங்கட ஊரிலை மட்டுந்தான்!"

அடுத்த சபைக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் மேசையில் அடித்தார். "உள்ளுக்கை இருக்கிற ஆள்தான் இதை எழுதுறது. ஆரெண்டு பிடிச்சு வேலையாலை நிப்பாட்ட வேணும்."

கூட்ட அறிக்கை எழுதிக்கொண்டிருந்த நான், என்னைப் பற்றிய அந்த வரியையும் எழுதினேன். அப்பா கடலுக்குப் போக முடியாமல் படுத்திருந்த காலம் அது. வீடு என் சம்பளத்தில்தான் ஓடியது.

"அந்தக் குழாயிலை தண்ணி வந்ததோ?" என்று தவிசாளர் கேட்டார். "வரேல்லை. பிறகு ஆரை நிப்பாட்டிறது?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, தண்ணி வரேல்லை எண்டதையும் அறிக்கையிலை எழுதும்."

இப்போது வானொலிதான் என் முழுநேர வேலை. பதவியில் இருப்பவர்கள் தொலைபேசியில் திட்டும்போதெல்லாம் அவரை நன்றியோடு நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு, குழாய் பதித்த இடத்தை மறுபடி தோண்டினார்கள். தவிசாளர் வெயிலில் கூடவே நின்றார். தண்ணீர் வந்த அன்று நானும் ஒரு குடம் பிடித்தேன். அந்தச் சந்தோஷத்தில் ஞாயிற்றுக்கிழமை நாடகத்திலும் தண்ணீரை வரவைத்துவிட்டேன்.

மறுநாள் கையெழுத்து வாங்கப் போனபோது, அவர் தலை நிமிராமலே சொன்னார்: "நேற்றைய நாடகத்திலை சிரிப்பே இல்லை."

"தண்ணி வந்திட்டுதே ஐயா, பிறகு என்னத்தை எழுதுறது?"

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் நிதானமாகக் கையெழுத்தை வைத்து, கோப்பை என்னிடம் நீட்டினார்.

"சந்தைக் கூரை ஒழுகுது. நானும் சபையிலை சொல்லிச் சொல்லிப் பாத்திட்டன், ஒருத்தரும் கேக்கினமில்லை. நீர் ஒருக்கா எழுதும்."