எரியேல்லை, விடுங்கோ

என் மச்சானுக்கு நான் சொல்லிக் கொடுத்த பாதுகாப்பு விதிகளில் அவன் ஒன்றே ஒன்றைத்தான் ஒழுங்காகப் பின்பற்றினான். அந்த ஒன்றுதான் அவனைக் கொல்லப் பார்த்தது. இதை எழுத உட்காரும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. பதினெட்டு வருடம் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் நின்றவன். அது மூடப்பட்டதும், "உங்கட இடத்தில கேட்டுப் பாருங்கோவன்" என்று மனைவி அவனை என் தலையில் கட்டினாள். கேட்டேன். எடுத்தார்கள். டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் ரண்டர்ஸிலிருந்து காரில் அரை மணித்தியாலம். அன்றிலிருந்து போக வர அந்த ஒரு மணித்தியாலமும் நான் கத்துவதும் அவன் "ஓம் அத்தான்" என்பதுமாகப் போனது.

எங்கள் தொழிற்சாலையில் செய்வது களைகொல்லி அல்ல. களைகொல்லியாக மாறுவதற்கு முந்திய நிலையில் நிற்கிற ஒரு சாமான், பீனோல் வகையைச் சேர்ந்தது. ஆறினால் மெழுகுபோலக் கட்டிபட்டுவிடும் என்பதால் அதை உருக்கித்தான் குழாய்களில் ஓடவிடுகிறோம். பொல்லாத சாமான். தோலில் பட்டால் ஒரு கணம் சுடும், உடனே விறைத்துவிடும். அதற்குப் பிறகு நோவே இராது. நோவில்லை என்று நீங்கள் நிம்மதியாக நிற்கிற நேரத்தில் அது தோலுக்குள்ளால் இறங்கி இரத்தத்துக்குப் போய்விடும். உள்ளங்கையளவு பட்டாலே ஆளை முடிக்கும். மாற்று மருந்து என்று ஒன்று கிடையாது. உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த விநாடியே அவசரக் குளிப்புக்குழாயின் கீழ் போய் நிற்க வேண்டும். கால் மணித்தியாலமாவது நிற்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

இதையெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது என் பொறுப்பு. நான் அங்கே பதினொரு வருடமாகத் தொழிலாளர்களின் பாதுகாப்புப் பிரதிநிதி. டேனிஷில் அந்தப் பதவிக்கு மூச்சு வாங்குகிற நீளத்தில் ஒரு பெயர் இருக்கிறது. வேறு ஒருவரும் கை தூக்காததால் எனக்குக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மச்சானுக்கு அந்தச் சாமானின் மணம் பிடித்துப் போனது. அது ஆஸ்பத்திரி மணம். "நல்ல துப்பரவான இடம் அத்தான்" என்றான் முதல் நாளே. இறைச்சித் தொழிற்சாலையில் அப்படி மணத்தால் கழுவி முடித்தாயிற்று என்று அர்த்தம். இங்கே அப்படி மணத்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தமடா என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். தலையை ஆட்டுவான். மத்தியானம் கையுறையைக் கழற்றி, கையைத் தண்ணீரில் காட்டினேன் என்று பேர் பண்ணிவிட்டு, சோற்றுப் பெட்டியைத் திறந்து குழைக்கத் தொடங்குவான். கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி உரிக்க வேண்டும், சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கழுவ வேண்டும், அல்லது ஒரு கரண்டியாவது கொண்டு வரவேண்டும். கரண்டி என்றதும் அவனுக்கு முகம் சுருங்கும்.

"கரண்டியால சாப்பிட்டா சோறு உருசிக்காது அத்தான்" என்பான்.

இன்னொன்றும் இருந்தது. வேலை முடிந்ததும் உடுப்பு மாற்றும் அறையில் எல்லோரும் ஒன்றாகக் குளிப்பார்கள். டேனிஷ்காரருக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. பிறந்தமேனிக்கு நின்று வாரஇறுதிக் காலநிலையைப் பற்றிக் கதைப்பார்கள். மச்சான் எல்லோரும் போகும்வரை சப்பாத்து நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்துவிட்டு, கடைசியில் அரைக்காற்சட்டையோடு குளிப்பான். நான் அதைப் பார்த்துச் சிரித்ததில்லை. முதல் ஆறு வருடம் நானும் அப்படித்தான் குளித்தேன். எங்கள் ஆட்கள் கிணற்றடியிலும் கடலிலும் அப்படியேதான் குளித்தார்கள்.

ஆனால் அதை நான் யோசித்திருக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு தரம் அவசரக் குளிப்புக்குழாய்ப் பயிற்சி வைத்தேன். ஒவ்வொருவராக ஓடி வந்து, கைபிடியைத் தொட்டு, "பதினைந்து நிமிடம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருவரும் உடுப்பைக் கழற்றவில்லை. பயிற்சியில் யார் கழற்றுவார்கள்? அந்தப் பகுதியை நான் வாயால் சொல்லிக் கடந்து போனேன்.

அன்று காலை பத்து மணி இருக்கும். மச்சான் கீழே குழாய் இணைப்பொன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் கண்ணாடிக்குப் பின்னால் கட்டுப்பாட்டு அறையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். குழாய்க்குள் சாமான் கட்டிபட்டுக் கிடந்திருக்கிறது. நீராவி விட்டு உருக்கிவிட்டுத்தான் கழற்ற வேண்டும், விட்டானாம், ஆனால் போதுமான நேரம் விடவில்லை. ஏப்ரனின் கீழ்க்கயிற்றையும் கட்டவில்லை, நடக்கத் தடுக்குதாம். கட்டி விலகியது. ஏப்ரன் ஒதுங்கி நின்ற இடத்தில், வலது தொடையில் சாமான் தெறித்தது.

குளிப்புக்குழாய் அவனிடமிருந்து எட்டு அடி. ஆனால் அதற்குப் பக்கத்தில் ஆய்வுகூடத்துப் பெண்கள் இரண்டு பேர் சோதனைக்கு மாதிரி எடுத்துக்கொண்டு நின்றார்கள். மச்சான் குளிப்புக்குழாயைப் பார்த்தான். அவர்களைப் பார்த்தான். பிறகு திரும்பி, உடுப்பு மாற்றும் அறையை நோக்கி நடந்தான். நாற்பது மீற்றர், இடையில் இரண்டு கதவு. நடந்தான் என்றா சொன்னேன்? ஓம், நடந்தான். ஏனென்றால் தொழிற்சாலைக்குள் ஓடக்கூடாது என்று நான் சொல்லியிருக்கிறேன். பாவி, கேட்டதே அந்த ஒன்றைத்தான்.

நான் படியால் பாய்ந்து இறங்கி ஓடினேன். சட்டைக் கழுத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து தண்ணீருக்குக் கீழே தள்ளினேன். அவன் காற்சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எரியேல்லை அத்தான், விடுங்கோ. பொம்பிளையள் நிக்கினம்."

"எரியாட்டித்தானடா சாவாய்!"

பெல்ட்டை அறுத்தேனா அவிழ்த்தேனா தெரியாது. காற்சட்டை, உள்ளுடுப்பு எல்லாவற்றையும் உரித்து எறிந்தேன். தொடையில் உள்ளங்கையளவு தோல் சுண்ணாம்புபோல வெளிறிக் கிடந்தது. அந்தப் பெண்களில் ஒருத்தி அவன் பக்கம் திரும்பியும் பாராமல் அம்புலன்ஸுக்கு அழைத்துக்கொண்டிருந்தாள். மற்றவள் போர்வை எடுக்க ஓடினாள். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு, பூசையில் நிற்கிற மாதிரிக் கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றான். எனக்குக் கோபமா பயமா என்று பிரிக்கத் தெரியவில்லை. இவன் செத்தால் இவனுடைய அக்காவுக்கு நான் என்ன முகத்தோடு சொல்வது என்பதுதான் தலைக்குள் ஓடியது.

கண்ணைத் திறந்தவன் என் கையைப் பிடித்தான்.

"அத்தான், உங்கட கையும் வெள்ளையாக் கிடக்கு."

கட்டுப்பாட்டு அறையிலிருந்து வெறுங்கையோடு வந்திருக்கிறேன். பதினொரு வருடப் பிரதிநிதி! அந்தக் காற்சட்டையை வெறுங்கையால் பிசைந்து உரித்திருக்கிறேன். அவன் என்னை உடுப்போடு தண்ணீருக்குள் இழுத்தான். இரண்டு நிமிடம் நின்றிருப்பேன். பிறகு வாசலில் அம்புலன்ஸுக்கு வழி காட்டவேண்டும் என்று வெளியே ஓடிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவனை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அந்த நாற்பது மீற்றரையும் நடந்து முடித்திருந்தால் இருதயமும் சிறுநீரகமும் தாங்கியிராது என்று டொக்டர் சொன்னார். தாதி என் விரல்களையும் பார்த்து, எரிகிறதா என்று கேட்டாள். எரியவில்லை, விடுங்கள் என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வசனம் என்று விளங்கியது. ஆனால் திருத்திச் சொல்லவில்லை. அவனை உள்ளே கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள், நானும் பின்னால் போய்விட்டேன்.

நன்றி சொல்வார்கள் என்று நினைத்தீர்களா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சங்கதி கோயில் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியவன் மச்சானேதான். அத்தான் என்னை வெள்ளைக்காரப் பெண்களுக்கு முன்னால் நிர்வாணமாக்கிவிட்டார் என்று ஆளுக்கு ஆள் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறான். பூசை முடிந்து வெளியே வந்தால் ஆண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். ஒருவராவது அவனுடைய காலைப் பற்றிக் கேட்கவேண்டுமே!

மனைவி ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவனை அந்த இடத்துக்குக் கொண்டு போனதும் நீங்கள்தான், அவமானப்படுத்தியதும் நீங்கள்தான் என்பது அவளுடைய வாதம். கேட்டுத் தரச் சொன்னது யார் என்று நான் கேட்டேன். அதற்கும் சேர்த்து இன்னும் இரண்டு நாள் கதைக்கவில்லை.

உங்களுக்கு ஒன்றும் படவில்லைத்தானே என்று மட்டும் முதல் நாள் கேட்டிருந்தாள். இல்லை என்றேன். வலது கையில் மூன்று விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. தோல் உரிந்து புதுத்தோல் வந்தது, உணர்வு வரவில்லை. சட்டைப் பொத்தானைப் பார்த்துத்தான் போடவேண்டியிருந்தது. அவளிடம் சொன்னால் தம்பியோடு என்னையும் வேலைக்கு விடமாட்டாள். அதைவிட, பதினொரு வருடமாக ஊருக்கெல்லாம் படிப்பித்தவன் கையுறை போட மறந்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மச்சான் நடக்கத் தொடங்கியதும் ஒரு ஞாயிறு அவன் வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு. சமாதானச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சோறு அடுப்பிலிருந்து இறக்கியபடியே வந்தது. ஆட்டிறைச்சிக் குழம்பை ஊற்றி நான் குழைக்கத் தொடங்கினேன். மச்சான், அவன் பெண்சாதி, என் மனைவி மூன்று பேரும் சோற்றைப் பரப்பி ஆறவிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அதைக் கவனிக்கவில்லை.

"அத்தான், சுடேல்லையோ?" என்றான் மச்சான், மெதுவாக.

மனைவி என் கையைப் பார்த்தாள். எழுந்து போய் ஈரத்துணி கொண்டு வந்து விரல்களைத் துடைத்தாள். கண்ணை மூடச் சொன்னாள். விளையாட்டா என்று கேட்டேன். "மூடுங்கோ" என்றாள். மூடினேன்.

"இப்ப விரலை அமத்திறன். தெரியுதோ?"

"ஓம்" என்றேன். "தெரியுது. ஏன் இப்படி நகத்தால் அமத்துறாய்?"

கண்ணைத் திறந்தேன். அவளுடைய இரண்டு கையும் அவளுடைய மடியில் கிடந்தன. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

மச்சான் காலை இழுத்து இழுத்துக் குசினிக்குப் போனான். லாச்சியைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஒரு கரண்டியை என் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான். நான் கரண்டியை எடுத்துச் சாப்பிட்டேன். அவன் சொன்னது சரிதான், சோறு உருசிக்கவில்லை.