நின்னுருச்சு

போன வாரம் விளாங்குடியில் பெட்ரோல் போட நின்றேன். பங்கில் வேலை செய்யும் பெண் என் ஸ்கூட்டரின் டேங்க் மூடியைத் திருகியதும் உள்ளிருந்து ‘புஸ்’ என்று ஒரு பெருமூச்சு. கூடவே பெட்ரோல் வாசம். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்தப் பெண் மீட்டரில் ஜீரோ இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். வரிசையில் பின்னால் ஆள் நிற்கும்போது விளக்கமா சொல்ல முடியும்? உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒத்தக்கடைப் பக்கம் மாடுகளுக்குச் சினை ஊசி போடும் வேலை எனக்கு. பெண் பார்க்கப் போன வீட்டில் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு ‘கால்நடை அபிவிருத்தி’ என்றேன். பெரிய உத்தியோகம் என்று நினைத்து இன்னொரு கரண்டி கேசரி வைத்தார்கள். ஐஸ் போட்ட தெர்மாஸ் பிளாஸ்க்கில் காளையின் விந்து அடைத்த குப்பிகள் இருக்கும். ஐஸ் கரைவதற்குள் மாடு இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் அபிவிருத்தி.

போவதற்கு ஆபீசில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தார்கள். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுகிற ரகம். ரோட்டுக்குப் பிறந்த வண்டியைக் காட்டுக்குப் பழக்கியவர் சிம்மக்கல் மெக்கானிக் காஜா பாய். சேறு அடைக்காமல் இருக்க முன் மட்கார்டை உயரத் தூக்கினார். தண்ணீர் ஏறாமல் இருக்க சைலன்சர் வாலை வானத்தைப் பார்த்து வளைத்தார். பின்னால் மண்ணைக் கவ்வுகிற பட்டன் டயர் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்.

“தம்பி, இனிமே இது வண்டி இல்ல, ஒட்டகம். மணல்ல முன் பிரேக்க மட்டும் பிடிச்சிராதீங்க. உங்கள எறக்கிவிட்டுட்டுத்தான் நிக்கும்.”

பிடித்தும் பார்த்திருக்கிறேன். இப்போது நீங்கள் பார்க்கிற முன்பல் கட்டிய பல்.

பேச்சியம்மா அக்கா ஒரு நாள் காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஊர். அவருடைய செவலைப் பசு பருவத்துக்கு வந்து ராத்திரியிலிருந்து கத்துகிறது. ஏற்கெனவே இரண்டு தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. போட்டவன் நான்தான்.

“இந்தத் தடவையும் நிக்கலைன்னா மாட்டு ஏவாரிகிட்டப் பிடிச்சுக் குடுத்துருவேன்னுட்டாரு எங்க வீட்டுக்காரரு. எங்கம்மா வீட்ல குடுத்த கன்னு தம்பி அது. புட்டியில பால் குடுத்து வளத்தேன்” என்றார். அழவில்லை. சேலை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“நீங்க பஸ்ல வாங்கக்கா. நான் முன்னால போறேன்.”

“அடுத்த பஸ்ஸு பதினோரு மணிக்கு. நான் இல்லாம அது உங்கள அண்ட விடுமா?” என்று சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த பிளாஸ்க்கை வாங்கி, வண்டியில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, அதை மடியில் பிள்ளை மாதிரி கிடத்திக்கொண்டார். 

ரோடு வழியாகப் போனால் சுற்று. கண்மாய்க்குள் இறங்கினால் பாதி தூரம். கண்மாய் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் குறுக்கிட்ட முதல் ஓடையில் முழங்கால் தண்ணீர். டேங்க்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் வண்டி படுத்துவிடும் என்று காஜா பாய் சொல்லியிருந்தார். நான் பயந்த சுபாவம். மூடியின் மேல் பாலித்தீன் பையைப் போட்டு, கீழே இறுக்கி ரப்பர் பாண்டை நாலு சுற்றுச் சுற்றினேன். ஓடையைத் தாண்டியபோது இரண்டு பக்கமும் தண்ணீர் இறக்கை விரித்தது. பார்க்க ஆள் இல்லையே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

ஆள் இருந்தது. கரையில் கருவேலம் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் சத்தம் கொடுத்தார். “என்ன பேச்சி, காளைய மடியில வச்சுக் கூட்டிட்டுப் போற?”

“ஆமா மாமா, உங்கள மாதிரி ஊர் சுத்துற காளையா இருந்தா கயித்துல கட்டி இழுத்துட்டுப் போயிருப்பேன்!”

நான் சிரித்து முடிப்பதற்குள் எஞ்சின் இருமியது. அடங்கியது.

“நின்னுருச்சு” என்றார் அக்கா.

எனக்கு வேர்த்தது. பிளக்கைக் கழற்றினேன், உப்புத்தாளில் தேய்த்தேன், ஊதினேன், மாட்டினேன். உதைத்தேன். உயிர் இல்லை. பெட்ரோல் இருக்கிறதா என்று பாலித்தீனைப் பிரித்து மூடியைத் திறந்தேன். ‘புஸ்.’ பெட்ரோல் இருந்தது. முன்னால் இன்னும் ஒரு ஓடை இருக்கிறதே என்று மறக்காமல் மறுபடி கட்டினேன். உதைத்தேன். பற்றிக்கொண்டது!

“பிளக்குதான்க்கா. நமக்குக் கைவந்த கலை.”

கொஞ்ச தூரம்தான். “நின்னுருச்சு.” மறுபடி பிளக், கொதிக்கிற பிளக்கில் விரல் பொசுங்கல், உப்புத்தாள், மூடி, ‘புஸ்’, ரப்பர் பாண்டு, ஓட்டம். மூன்றாவது தடவை நின்றபோது அக்காவின் மடியிலிருந்த பிளாஸ்க்கை ஆட்டிப் பார்த்தேன். ஐஸ் மோதுகிற சத்தம் போய்த் தண்ணீர் சத்தம் வந்திருந்தது. பிளக் கழற்றும் ஸ்பேனரை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. தரையெல்லாம் தேடினேன். என் வாயில்தான் இருந்தது.

அக்கா கீழே இறங்காமலே சொன்னார். “தம்பி, நீங்க பிளக்கத் தொடைக்கிறதுனால ஒண்ணும் வண்டி ஓடலை. மூடியத் தொறந்ததும் பெருமூச்சு விடுதுல்ல, அதுக்கப்புறந்தான் ஓடுது. சீமெண்ணெ டின்னுல ஒத்த ஓட்ட போட்டா எண்ணெ எறங்குமா? ரெண்டு ஓட்ட போட்டாத்தான எறங்கும். அது மூச்சு முட்டிப்போய் நிக்குது. நீங்களும் அம்புட்டு அக்கறையா மூஞ்சியக் கட்டிக் கட்டி விடுறீங்க.”

மூடியில் காற்றுப் போக ஒரு ஊசித் துளை உண்டு. காஜா பாய் காட்டியிருக்கிறார். நான் பயத்தில் அதைத்தான் நாலு சுற்றுச் சுற்றி அடைத்திருந்தேன். பாலித்தீனைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டேன். அதற்குப் பிறகு ஊர் வரைக்கும் வண்டி எங்கேயும் நிற்கவில்லை. அடுத்த ஓடையில் தண்ணீரே இல்லை.

போய்ப் பிளாஸ்க்கைத் திறந்தபோது ஐஸ் புளியங்கொட்டை அளவுக்கு மிச்சம் இருந்தது. செவலை என்னைப் பார்த்து முறைத்தது. அக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் என்னவோ சொன்னார். அது அசையாமல் நின்றது. ஊசி போட்டு முடித்த பிறகும் அவர் கழுத்தை விடவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஆபீஸ் வாசலில் ஒட்டகத்தின் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். ரோட்டைத் தாண்டி ஓடி வந்த பேச்சியம்மா அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். “தம்பி, நின்னுருச்சு!”

நான் பதறிப்போய் டேங்க் மூடியைத் திறந்தேன்.

“அட, வண்டி இல்ல தம்பி! சினை நின்னுருச்சு. டாக்டரய்யா கைய விட்டுப் பாத்துச் சொல்லிட்டாரு.” அன்றைக்குத்தான் அழுதார். எண்ணெய்க் கையோடு நான் என்ன செய்வதென்று தெரியாமல் திறந்த மூடியை மறுபடி மூடினேன். 

வண்டியை ஆபீஸ் ஏலத்தில் இரும்புக்கு எடுத்துப் போனார்கள். பாலித்தீன் பை மட்டும் கொஞ்ச நாள் என் மேஜை டிராயரில் கிடந்தது. அதற்குள்தான் என் கல்யாணப் பத்திரிகையின் முதல் பிரதியை வைத்திருந்தேன். கேசரி வைத்த வீடுதான். உண்மையைச் சொன்ன பிறகும் பெண் கொடுத்தார்கள்.

பெட்ரோல் போட்ட கையோடு அன்றைக்கு ஒத்தக்கடைக்கு ஓட்டினேன். கண்மாய் இல்லை. ஓடை இருந்த இடத்தில் சிமெண்ட் ரோடு, இரண்டு பக்கமும் வண்ணம் அடித்த வீடுகள். ஏறத்தாழ மூன்றாவது தடவை வண்டி நின்ற இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். ஒரு வீட்டு மாடியிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார்.

“யாரு சார் வேணும்?”

“யாருமில்லம்மா. வண்டி நின்னுருச்சு” என்றேன்.