முடிவை மட்டும் படித்தவன்

சிங்கப்பூரின் பிடோக் உணவங்காடியில் மதிய நேரம். பிரியாணித் தட்டோடு அலைந்து ஒருவழியாகக் காலி மேசை ஒன்றைப் பிடிக்கிறேன். அதன்மேல் யாரோ மறந்துவிட்டுப் போன மங்கா, ஜப்பானியப் படக்கதைப் புத்தகம். நம் ஊர்ப் புத்தகம்போல் இடப்பக்கமிருந்து விரிக்கிறேன். முதல் படத்திலேயே அட்டைப்படத்து நாயகன் செத்துக் கிடக்கிறான். இதென்ன ஆரம்பம்!

“அண்ணே, இது நான் சோப் பண்ண டேபிள் லா.”

பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஒரு பெண், கையில் மீ கோரெங் நூடுல்ஸ் தட்டு. டிஷ்யூ பாக்கெட் வைத்து இங்கே இப்படி ‘சோப்’ பண்ணி இடம்பிடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். “டிஷ்யூ முடிஞ்சிடுச்சு, அதான் புக்க வச்சேன்” என்கிறார்.

சட்டென்று புத்தகத்தை மூடிவிட்டு எழுகிறேன்.

“பரவால்ல, உக்காருங்க, ஷேர் பண்ணிக்கலாம். ஆமா, எந்தப் பக்கம் திறந்தீங்க?”

காட்டுகிறேன். பதறிப்போகிறார்.

“ஐயோ, இத வலது பக்கத்திலேர்ந்து படிக்கணும்! முடிவப் பாத்துட்டீங்களா? டிவில வர்ற அனிமே கார்ட்டூன்ல கூட இன்னும் அது வரல. சொல்லிடாதீங்க!”

வாயைத் திறக்காமல் சாப்பிடுகிறேன். அவரோ மிச்சப் பக்கங்களைப் படித்தபடி, பக்கத்துக்குப் பக்கம் நிமிர்ந்து என்னையே பார்க்கிறார்.

“உங்க மூஞ்சியே சொல்லிடும் போல. அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க லா.”

தட்டை மடியில் வைத்து, எதிரே உள்ள தூணைப் பார்த்தபடி சாப்பிடுகிறேன். பிரியாணி தீரும் நேரத்தில் முதுகுக்குப் பின்னால் அலறல்.

“செத்துட்டானா!”

அப்பாடா. திரும்பி உட்கார்ந்து, அவன் ஏன் செத்தான் என்று கேட்கிறேன்.