அம்மா பேர் கொடுக்காத வருஷம்

எங்கள் கிறிஸ்தவ சபையில் இராப்போசனம் எடுக்க வேண்டுமானால் முதல் நாளே பேர் கொடுக்க வேண்டும். இப்போது அந்த வழக்கம் இல்லை. மனசிருப்பவர்கள் எழுந்து போய் வாங்கிக்கொள்கிறார்கள். ஐம்பதுகளின் கடைசியில், நான் பன்னிரண்டு வயதுப் பெண்ணாக இருந்தபோது, அப்படிப் போய்விட முடியாது. எங்கள் பாதிரியாரான ஐயர் திண்டிவனத்திலிருந்து சைக்கிளில் வருவார். அவருக்குச் சுற்றுவட்டத்தில் ஏகப்பட்ட கிராமங்கள். பிரம்மதேசம் போகிற ரோட்டில் இறங்கி வயல் வழியாக வர வேண்டிய எங்கள் ஊருக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம்தான் முறை வரும். அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் கோயில் மணி அடிக்கும். அப்பமும் திராட்சை ரசமும் வாங்க விரும்புகிறவர்கள், ஊரிலேயே இருந்து சபையைக் கவனிக்கும் உபதேசியார் முன்னால் போய் நின்று பேரைச் சொல்ல வேண்டும். எழுதிக்கொள்ளும் முன் அவர் இரண்டே கேள்வி கேட்பார். யார் மேலாவது மனஸ்தாபம் உண்டா? மறைத்து வைத்த பாவம் ஏதாவது உண்டா? உண்டு என்றால், போய் ஒப்புரவாகிவிட்டு வா என்று அனுப்பிவிடுவார்.

இதனால் அந்தச் சனிக்கிழமைகளில் எங்கள் தெருவில் சண்டைகள் எல்லாம் அவசர அவசரமாக ராசியாகும். கோழி மேய்ந்த தகராறில் ஆறு மாதம் முகம் பார்க்காமல் இருந்த ஒருத்தி, மணிச்சத்தம் கேட்டதும் மற்றவள் வாசலில் போய் நின்று, "இந்தா, நான் பேசிட்டேன். போய் பேர் குடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று திரும்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் எனக்குத் திடப்படுத்தல். அதாவது, ஞானோபதேசம் முழுவதையும் படித்து, சபைக்கு முன்னால் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, முதன்முதலாக இராப்போசனப் பந்தியில் சேருவது. உபதேசியார்தான் எங்கள் பள்ளிக்கூட வாத்தியாரும். அவர் சொல்லிக்கொடுத்த ஆறு பிள்ளைகளில் நான்தான் முதல். கற்பனைகள் என்று நாங்கள் சொல்லும் பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், விளக்கங்கள் எல்லாம் மூச்சு விடாமல் சொல்லுவேன். மனந்திரும்புதல் என்றால் என்ன என்று கேட்டால், கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிடும். அந்த வயதில் எனக்குத் தெரிந்த பாவங்கள் எல்லாம் மற்றவர்களுடையவை.

திடப்படுத்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது என் தம்பிக்கு அம்மை போட்டது. பெரியம்மை. அவனுக்கு இரண்டரை வயது. அப்பா விழுப்புரத்தில் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். பதினைந்து நாளைக்கு ஒருதரம் வருவார். ஆகவே வீட்டில் நானும் அம்மாவும்தான். எங்கள் தெருவில் பாதிப் பேர் எங்களைப் போல வேதக்காரர்கள், பாதிப் பேர் இல்லை. அவர்கள் வீட்டில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை கட்டுவார்கள், தாளிக்க மாட்டார்கள், ஏரிக்கரை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். வேதக்காரர்கள் வீட்டில் அதெல்லாம் கூடாது. அது முதல் கற்பனைக்கு விரோதம் என்று உபதேசியார் சொல்லிக்கொடுத்திருந்தார். அம்மை குத்துகிறவர் எங்கள் ஊருக்கு வந்தது எல்லாம் முடிந்த பிறகுதான்.

அம்மா முதலில் உபதேசியாரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணினாள். அவர் பயப்படாமல் குழந்தையின் தலையில் கை வைத்து ஜெபித்தார். அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு நாள் முழங்காலிலேயே கிடந்தாள் அம்மா. மூன்றாம் நாள் தம்பிக்குக் கண் திறக்க முடியவில்லை. எரியுது, எரியுது என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அன்றைக்கு மத்தியானம் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. அவள் வேதத்தில் சேராதவள். குழந்தையைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்:

"ஒங்க சாமி பெரிய சாமிதான்டி, நான் இல்லேங்கல. ஆனா இது அவ வேலை. அவகிட்டத்தான் கேக்கணும். புள்ளையவிடவா ஒனக்கு அந்த உபதேசியாரு?"

அத்தை போன பிறகு அம்மா ரொம்ப நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து போய் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்து வந்து, வாசலில் கட்டாமல், உள்ளே குழந்தை படுத்திருந்த பக்கம் செருகினாள். சாயங்காலம் கேப்பைக் கூழ் கரைத்து ஒரு சொம்பில் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போனாள். திரும்பி வரும்போது சொம்பு காலி. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அம்மாவும் பார்த்தாள். யாரிடமும் சொல்லாதே என்று அவள் என்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் தம்பி போய்விட்டான். அம்மை கண்ட உடம்பை வைத்திருக்கக் கூடாது என்று வெயில் ஏறும் முன்பே அடக்கம் பண்ணிவிட்டார்கள். அப்பா தகவல் கிடைத்து, ரயில் பிடித்து, திண்டிவனத்தில் இறங்கி நடந்து வந்து சேர்ந்தபோது மண் காய்ந்திருந்தது. இரண்டு நாள் இருந்தார். வேலை போய்விடும் என்று மறுபடியும் போய்விட்டார்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை கோயில் மணி அடித்தது. ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திடப்படுத்தல். அம்மா எழுந்து முகம் கழுவினாள். தம்பி போனதிலிருந்து அவள் தானாக எழுந்து செய்த முதல் காரியம் அதுதான். புடவையைச் சரிபண்ணிக்கொண்டு, "வா பாப்பா, பேரு குடுத்துட்டு வரலாம். நாளைக்கி ஒங்கூட நானும் பந்தியில குந்தணும்" என்றாள்.

எனக்கு ஒரு காரியம் நிச்சயமாகத் தெரியும். பாவத்தை மறைத்துக்கொண்டு தகுதியில்லாமல் பந்தியில் புசிக்கிறவன் தன் மேல் தண்டனையை வருவித்துக்கொள்கிறான் என்று படித்திருந்தேன். தம்பி செத்ததே அந்த ஒரு சொம்புக் கூழினால்தான் என்று நான் தீர்மானித்துவிட்டிருந்தேன். இப்போது அம்மாவும் போய்ப் பந்தியில் கை நீட்டினால் அவளும் செத்துப்போவாள். பயம்தான். ஆனால் இன்றைக்கு என் தகப்பனாகிய தேவனுக்கு முன்னால் எழுதுகிறேன், பயம் மட்டும் அல்ல. எல்லாருக்கும் முன்னால் உண்மையைச் சொல்லுகிற பிள்ளை என்று பேர் வாங்கும் ஆசையும் அதில் இருந்தது.

கோயிலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அம்மாவின் முறை வந்தது. உபதேசியார் அவளிடம் கேள்வி கேட்கவே கூச்சப்பட்டார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று நேராக எழுதப் போனார். அப்போது நான் சொன்னேன்.

"அம்மா மாரியம்மனுக்குக் கூழு ஊத்துனாங்க ஐயா. வேப்பிலையும் வச்சாங்க."

எழுதப் போன கை நின்றுவிட்டது. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். குழந்தைக்குக் குளிர்ச்சிக்காக இலை வைத்தேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். உபதேசியாரே அந்த வழியைத் திறந்து வைத்தார். குளிர்ச்சிக்காகத்தானேம்மா என்று கேட்டார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "இலை குளிர்ச்சிக்குதாங்க. கூழு அப்படி இல்ல. வேண்டிக்கினுதான் ஊத்தினேன்" என்றாள்.

மறுநாள் காலை ஐயர் வந்ததும் உபதேசியார் அவரிடம் சொன்னார். ஐயர் கடுமையானவர் இல்லை. அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தத் தரம் மட்டும் பந்திக்கு வர வேண்டாம், அடுத்த முறை சபைக்கு முன்னால் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுச் சேர்ந்துகொள்ளலாம் என்றார். அதுதான் ஒழுங்கு. அம்மா தலையாட்டினாள்.

அன்றைக்கு நான் வெள்ளைத் தாவணியில் நின்று ஒரு பதில்கூடத் தவறாமல் சொன்னேன். ஐயர் என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். பந்தியில் முழங்காலிட்டேன். அப்பம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. ரசம் புளித்தது. எழுந்து திரும்பியபோது, பெண்கள் பக்கம் கடைசிப் பாயில், பேர் கொடுக்காதவர்களோடும் கைக்குழந்தைக்காரிகளோடும் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது நிம்மதி. அம்மா சாக மாட்டாள்.

அடுத்த முறை ஐயர் வருவதற்கு முன் சனிக்கிழமை மணி அடித்தது. அம்மா மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. உபதேசியாரே வீட்டுக்கு வந்து, இரண்டு வார்த்தைதானம்மா என்று கேட்டார். "இன்னும் ஆவலீங்க ஐயா" என்றாள். என்ன ஆகவில்லை என்று அவரும் கேட்கவில்லை. அதற்கடுத்த முறையும் அதே பதில்தான். ஒவ்வொரு ஞாயிறும் முதல் ஆளாகக் கோயிலுக்கு வருவாள், சத்தமாகப் பாடுவாள், கடைசிப் பாயில் உட்காருவாள். பந்திக்கு மட்டும் வர மாட்டாள். சபையில் பேச்சு எழும்பியது. மனசு கடினப்பட்டுவிட்டது என்றார்கள். அந்தப் பக்கமே போய்விடுவாள் என்றார்கள். அந்தப் பக்கத்திலிருந்து அத்தை வந்து, "ரெண்டு சாமியும் இல்லாம நடுவுல நிக்கிறியேடி. எதாச்சும் ஒரு பக்கம் குந்து" என்று கேலி பண்ணினாள். அம்மா சிரித்துக்கொண்டாள்.

எனக்கோ பெரிய அவமானம். திடப்படுத்தல் ஆன பிள்ளை. தாய் பந்திக்கு வராதவள். பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஒருநாள் என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். நான் எழுந்து நின்று, என் தாயாரின் கல்லான இருதயத்தை உடைத்தருளும் என்று உரக்க ஜெபித்தேன். எல்லோரும் ஆமென் என்றார்கள். அம்மாவும் சொன்னாள். அன்று வீட்டுக்கு வந்து எப்போதும்போல என் தலையை வாரிப் பின்னிவிட்டாள். சிக்கெடுக்கும்போது ஒருதரம்கூட வெடுக்கென்று இழுக்கவில்லை. ஒரு கணம் கை நின்றது, பிறகு பின்னியது. சாப்பாடு போட்டாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ராப்பகல் பக்கத்திலேயே கிடந்தாள். என்னோடு மட்டும் கொஞ்சம் குறைவாகப் பேசினாள். தம்பி போன துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படியே போயிற்று. அறுப்பு முடிந்து வந்த ஒரு சனிக்கிழமை, மணி அடிக்கும் முன்பே அம்மா முகம் கழுவிக்கொண்டு நின்றாள். என்னைக் கூப்பிடவில்லை. தனியாகப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் ஐயர் அவளைச் சபைக்கு முன்னால் வரச் சொன்னார். அம்மா கடைசிப் பாயிலிருந்து எழுந்து முன்னே போய் நின்றாள். கூழ் ஊற்றியதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுவாள், ஐயர் ஜெபிப்பார், முடிந்துவிடும் என்று எல்லோரும் இருந்தோம். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பேசினாள். சத்தம் பெரிதாக இல்லை.

"கூழு ஊத்துனது தப்புதாங்க ஐயரே. அதுக்கு அந்த வாரமே ஆண்டவர்கிட்ட அழுது தீத்துட்டேன். அதுக்காவ நான் இவ்ளோ நாளு பின்னால குந்திக்கினு இல்ல. எம் பொண்ணு மேல எனக்குக் கோவம். புள்ளையப் பறிகுடுத்து பத்து நாளுகூட ஆவல, என்னைக் காட்டிக் குடுத்துட்டாளேன்னு. அவ சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போவல. சோறு போடறப்பவும் இருந்துச்சி, தலை வார்றப்பவும் இருந்துச்சி. அந்தக் கோவத்த வச்சிக்கினு பந்தியில வாய் தொறக்க முடியலீங்க. தெனமும் எடுத்துடும் எடுத்துடும்னு கேட்டுக்கினே இருந்தேன். எப்ப போச்சின்னு தெரியல. முந்தாநாளு தேடிப் பாத்தேன். காணல."

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உபதேசியார் நோட்டை மூடிவிட்டார். கோழிக்காகச் சண்டை போட்ட அந்த இரண்டு பெண்களும் அழுதார்கள்.

நான் அழவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை பேருக்கு முன்னால், ஐயருக்கு முன்னால், என்னைச் சொல்லிவிட்டாளே என்று இருந்தது. நானும் ஒருநாள் இதே இடத்தில் அவளைச் சொன்னவள்தான் என்பது ஞாபகத்துக்கே வரவில்லை. அந்த ஒரு வருஷத்தில் பந்தி வந்தபோதெல்லாம் நான் பேர் கொடுத்தேன். ஒவ்வொரு தரமும், யார் மேலாவது மனஸ்தாபம் உண்டா என்று உபதேசியார் கேட்டார். இல்லை என்றேன். என்மேல் யாருக்காவது உண்டா என்று நான் ஒருதரமும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

கோபம் இல்லாமல் இருப்பதுதான் விசுவாசம் என்று அன்றைக்கு நினைத்திருந்தேன். ஒரு பிள்ளைமேல் உள்ள கோபத்தை மடியில் வைத்துக்கொண்டே அந்தப் பிள்ளைக்குச் சோறு பிசைந்து கொடுப்பதும், பொய்யாக ராசியாகாமல் கடைசிப் பாயில் காத்துக்கொண்டிருப்பதும்கூட ஒரு வளர்ச்சி என்று எனக்கு எந்தப் பாடத்திலும் வரவில்லை. நானும் பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் ஒருவனை ஐந்து வருஷம் மன்னிக்க முடியாமல் தவித்த பிறகுதான் அம்மாவின் அந்த ஒரு வருஷம் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. அதற்குள் அவள் கர்த்தருக்குள் நித்திரை அடைந்துவிட்டாள்.

அன்றைக்கு, அம்மா பேசி முடித்த பிறகு, பந்திக்கு அழைத்தார்கள். பெண்கள் வரிசையில் நான் போய் முழங்காலிட்டேன். அம்மா பக்கத்தில் வர முடியாதபடி வேண்டுமென்றே நடுவில் போய் நுழைந்துகொண்டேன். அம்மா வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து, என் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ஜாடை காட்டி, அவள் நகர்ந்த இடத்தில் முழங்காலிட்டாள். அவள் தோள் என் தோளில் பட்டது. எனக்கு வெட்கம் பொறுக்கவில்லை. அரைச் சாண் தள்ளிப்போனேன்.

நெருக்கமாக இருக்கிறது என்று நான் அவளுக்கு இடம் விடுவதாக அம்மா நினைத்திருக்க வேண்டும். அப்பம் வரும் வரைக்கும், கண்ணை மூடிக்கொண்டே, அவள் கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் நகர்ந்து வந்துகொண்டிருந்தாள்.