அரிவாள்காரியின் வலது பக்கம்

கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவன் லீவு கிடைச்சா தூங்கணும். நானோ மன்னார்குடியிலேருந்து பஸ் ஏறி முதுமலைக்குப் போய், புலிக்காக இடுப்பொடியக் காத்துக் கிடப்பேன். கேமரா தூக்கித் தோள்பட்டை போனவங்களுக்கு இந்தக் கிறுக்கு புரியும்.

எல்லாம் ஒண்ணுதானே?

ஸ்டூடியோ சுவர்ல ஒரு பெண்புலி படம் பெரிசா மாட்டியிருக்கேன். அவ இடுப்புல ஒரு வரி, கதிர் அறுக்கிற அரிவாள் மாதிரி வளைஞ்சிருக்கும். அதனால அரிவாள்காரின்னு பேரு வச்சேன். மூணு வருஷமா அவ பின்னாடிதான் அலைச்சல். மகள் கல்யாணத்துக்குப் பேச வந்த கீழ்வேளூர் விவசாயி ஒருத்தர்கிட்ட, "ஒரு புலியோட வரி இன்னொண்ணுக்கு இருக்காதுங்க, நம்ம கைரேகை மாதிரி"ன்னு பெருமையடிச்சேன். அவர் படத்தை உத்துப் பார்த்துட்டுச் சொன்னார்: "வயல்ல நெல்லு எது, களை எதுன்னு நான் வரப்புல நின்னே சொல்லிடுவேன். இதுக்கு இவ்வளவு கிட்டக்கப் போகணுமா தம்பி?"

பாதிப் புலி

மாதன், காட்டுல வேட்டைத்தடுப்புக் காவலர். என் வயசுதான். ஒருநாள் நாங்க ஜீப்புல இருக்கும்போது அரிவாள்காரி ரோட்டைக் கடந்தா. படபடன்னு எடுத்துட்டுக் கேமராவை இறக்கினேன். "திரும்பி வர்றா, எடுங்க"ன்னார். "அதான் எடுத்தாச்சே"ன்னேன். முறைச்சார் பாருங்க! "இந்தப் பக்கத்து வரி வேற, அந்தப் பக்கத்து வரி வேற சார். நீங்க பாதிப் புலியைத்தான் எடுத்திருக்கீங்க." அப்புறம்தான் அந்தப் பக்கத்தையும் எடுத்தேன்.

நான் பார்த்த லட்சணம்

போன தை அறுப்பு சமயம் மாதன் போன்ல ஒரு படம் அனுப்பினார். பெண்புலி ஒண்ணு செத்துக் கிடக்கு. வலது பக்கம் மட்டும் தெரியுது. "நம்மவளான்னு பாருங்க சார்"னு கேட்டிருந்தார். சுவர்ப் படத்தைப் பார்த்தேன். அதுல வலது இடுப்புல அரிவாள் இருக்கு, செத்ததுக்கு இல்லை. அப்பாடா! உடனே போன் போட்டு, "நம்மவ இல்லைங்க"ன்னு கத்தினேன்.

மறுநாள், லீவு முடிஞ்சு வந்த செல்விகிட்ட இதைச் சொன்னேன். எங்க ஆல்பம் வேலையெல்லாம் அவதான். கல்யாண ஆல்பத்துல ஜோடி வெளிப்பக்கம் பார்த்தா, படத்தைக் கண்ணாடியில தெரியிற மாதிரி இடவலமாத் திருப்பி வைக்கிறது எங்க தொழில்ல சகஜம். செல்வி சுவர்ப் படத்தைப் பார்த்தா. "அண்ணே, புலி வாசலைப் பார்த்து நின்னுச்சு. உள்ளே பார்க்கட்டும்னு நான்தான் திருப்பிப் பிரிண்ட் போட்டேன்"னா. அப்போ அரிவாள் இருக்கிறது இடது பக்கம். மாதன் சொல்லி எடுத்த வலதுபக்கப் படத்தைத் தேடி, மாதன் அனுப்பின படத்துக்குப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். ஒரு வரி விடாம ஒத்துப்போச்சு. தாங்கலைங்க, உட்கார்ந்து அழுதுட்டேன். அப்புறம் மாதனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் சொன்னார்: "பார்த்தப்பவே எனக்குத் தெரியும் சார். நீங்க இல்லைன்னதும் ஒரு நாள் நானும் நம்பிக்கிட்டேன்."

மாப்பிள்ளையை எந்தப் பக்கம் வேணும்னாலும் திருப்பிக்கலாம், புலியை மட்டும் அது நின்னபடியே விட்டுடணும்.