பரிமளாவின் வலது கால்

பரிமளாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது, கள்ளக்குறிச்சியில் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பார்சல் பிரித்துக்கொண்டிருந்தேன். "இன்னாடி, வண்டி மறுபடி மக்கர் பண்ணுதா?" என்றேன். பேசியது அவள் கணவர் ஞானவேல் சார். "அவ போய்ட்டாப்பா. காலைல எழுந்திரிக்கவே இல்ல." மாரடைப்பு என்றாராம் டாக்டர். பார்சலில் இருந்தது அவள் காருக்காக நான் வரவழைத்த ஒயர். அதைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

சங்கராபுரத்தில் உங்களில் பலர் அவளுடைய டிரைவிங் ஸ்கூலில்தான் ஸ்டியரிங் பிடித்தீர்கள், திட்டும் வாங்கினீர்கள். அவளும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பு. 'அவர்' என்று எழுதினால் அவளே சிரிப்பாள். பயிற்சி முடியும் நாளில் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போவாள். கொண்டை ஊசி வளைவில் பிரேக்கிலேயே நின்று இறங்குகிறவர்களிடம், "பிரேக்க இன்னாத்துக்கு இந்த மிதி மிதிக்கிற? கியர எறக்குப்பா, வண்டி தன்னால அடங்கும்" என்பாள். எனக்கு இன்றைக்கும் அந்தச் சாலையில் அவள் குரல்தான் கேட்கிறது.

பலருக்குத் தெரியாத பரிமளா ஒருத்தி உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு, தன் சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு சென்னைப் பக்கம் பந்தயத் தடத்துக்குப் போவாள். ஸ்பேனர் பையோடு நானும். அங்கே வளைவுக்கு முன் கியர் இறக்குவது ஒரு வித்தை. வலது முன்பாதத்தால் பிரேக்கை அழுத்தியபடி, அதே காலின் குதிகாலால் ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்ட வேண்டும். எஞ்சின் ஒருமுறை உறுமினால்தான் கீழ் கியர் அலுங்காமல் விழும். இல்லாவிட்டால் வண்டி குலுங்கிப் பிடி விட்டுவிடும். செருப்பு மாட்டுவதுபோல அதை அவள் செய்வாள்.

அந்தக் கால் போனது பந்தயத்தில் அல்ல. ஆடிப்பெருக்கன்று கோமுகி அணைப் படியில், புளியோதரைத் தூக்கோடு வழுக்கி விழுந்தாள். கணுக்காலில் தகடு வைத்தார்கள். நடக்கலாம், ஊருக்குள் வண்டி ஓட்டலாம். பாதம் மட்டும் பக்கவாட்டில் திரும்பாது. குணமானதும் தடத்துக்குப் போனோம். முதல் சுற்றிலேயே குதிகால் எட்டாமல், வண்டி குலுங்கிச் சுழன்று புல்லில் போய் நின்றது. நான் ஓடிப்போய்ப் பார்த்தால், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அழுதுகொண்டிருக்கிறாள். "எல்லாம் மத்தவங்களுக்குத்தான் செய்றேன். எனக்குன்னு இது ஒண்ணுதான்டா. இதுவும் போச்சுன்னா நான் இன்னா செய்வேன்?" காரை விற்றுவிடப் போவதாகச் சொன்னாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு ஆறவில்லை. தேடித் தேடி பிளிப்பர் என்ற சாதனத்தைக் கண்டுபிடித்தேன். பிரேக் மிதித்துக் கியர் இறக்கும்போது, அது தானாகவே ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டும். கூடவே புதிய கியர் குச்சியும் மாட்டினோம். முன்னே தள்ளினால் ஒரு கியர் இறங்கும், பின்னே இழுத்தால் ஏறும்.

முதல் வெள்ளோட்டம் கச்சிராயபாளையம் சாலையில். உறுமலை நான் அதிகமாக வைத்துவிட்டேன். முன்னால் போன கரும்பு டிராக்டருக்காக வேகம் குறைக்கும்போதெல்லாம் கார் சீறியது. பொறுத்துப் பார்த்த டிராக்டர்காரர் கடைசியில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "லோடு ஏத்திக்கினு போறது தெரியில? இன்னாத்துக்கும்மா பின்னாலயே முறுக்கிக்கினு வர்ற?"

"நான் முறுக்கலீங்கண்ணா, அதுவா முறுக்குது" என்றாள் பரிமளா.

அவர் பக்கத்து சீட்டில் இருந்த என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். பரிமளாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. அன்றே உறுமலைக் குறைத்துவைத்தேன்.

மறுபடி தடத்துக்குப் போனபோது, ஓர் இளைஞர் காருக்குள் எட்டிப் பார்த்து, "இது அழுகுணி ஆட்டம் ஆன்ட்டி" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பரிமளா கையுறையை மாட்டிக்கொண்டே அவருடைய மூக்குக்கண்ணாடியைக் காட்டினாள். "இதப் போட்டுக்கினு பரீட்சை எழுதுனா காப்பி அடிச்சதா ஆவுமாப்பா?" அன்று ஒரு வளைவில்கூட அவள் கார் புல்லைத் தொடவில்லை.

ஞானவேல் சார் தமிழாசிரியர். அந்தக் காரைக் கண்டாலே அவருக்கு ஆகாது. தடத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. கருமாதி முடிந்ததும் என்னை அழைத்தார். காரை விற்கப் போகிறாராம். வாங்க வந்தவர் சாதா வண்டியாகக் கேட்கிறாராம்; பூட்டியதையெல்லாம் கழற்றித் தர வேண்டுமாம். போனேன். என் கடைவரை அவரே ஓட்டினார். குச்சியைத் தள்ளும் விதத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். ஊர் எல்லையில் வேகத்தடை வந்தது. பிரேக்கையும் கிளச்சையும் மிதித்து, குச்சியை முன்னே தள்ளினார். எஞ்சின் மெல்ல உறுமியது.

குனிந்து தன் காலைப் பார்த்தார். "நான் ஆக்சிலேட்டர மிதிக்கலியே. யாரு மிதிச்சது?"

"பரிமளா காலுக்குப் பதிலா வெச்சது சார் அது."

வண்டியை ஓரம்கட்டினார். "தெனம் அந்தக் காலுக்குத் தைலம் தேச்சு வுடுவேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கழட்ட வேணாம்பா" என்று சொல்லி, வந்த வழியே வண்டியைத் திருப்பினார். மறுபடி பிரேக் மிதித்துக் கியர் இறக்கும்போது, அந்தச் சத்தத்துக்காகக் காது கொடுத்தார்.

பார்சலில் வந்த, பிளிப்பருக்கான அந்த ஒயர் இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. வேறு யாருக்கும் விற்கமாட்டேன். அந்தக் கால் என்றைக்காவது மக்கர் பண்ணினால், ஞானவேல் சார் என்னைத்தான் கூப்பிடுவார்.