மேற்குப் பக்கத்துப் பலகை

கழுகு பார்க்கக் கோபுரம் கட்டினார்கள். அதுவும் என் அக்கா குளிக்கிற இடத்துக்கு நேர் மேலே. இதற்கு ஒரு வடிவமைப்பாளர், ஒரு ஹோட்டல் முதலாளி, பறந்து படம் எடுக்கும் கேமரா எல்லாம் தேவைப்பட்டன. இவ்வளவு பெரிய முட்டாள்தனம் ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை.

நான் சிரம்பானில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள். சி ரூசா கடற்கரையில் ஹோட்டல் நடத்தும் முதலாளி ஒருவர் புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு குன்றை வாங்கியிருந்தார். வருடா வருடம் சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி வரும் கழுகுகளை அவருடைய விருந்தாளிகள் பார்க்க வேண்டுமாம். அதற்கு உச்சியில் ஒரு கோபுரமும் ஏறிப்போக ஒரு நடைபாதையும் கேட்டார். வேலை எங்கள் பாஸிடம் வந்தது. குன்றின் மேற்கு அடிவாரத்தில் செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளான பழைய லயம் இருக்கிறது. நான் பிறந்த வீடு அதில்தான். அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

நடைபாதையின் அழகை முதலில் சொல்லிவிடுகிறேன். நேராக ஏறினால் வெற்றிலை மென்று துப்புவதற்குள் உச்சிக்குப் போய்விடலாம். பாஸ் அதைக் குன்றைச் சுற்றிச் சுற்றி வளைத்தார். "நடக்கிறவங்களுக்கு ஒரு எக்ஸ்பீரியன்ஸ் வேணும்லா" என்றார். பாதைக்காக நிஜ மரங்களை வெட்டிச் சாய்த்தோம். பிறகு அதே இடத்தில் மரக்கட்டை மாதிரி சிமெண்டில் கைப்பிடி செய்து பழுப்புச் சாயம் அடித்தோம். பக்கத்திலேயே 'மரங்களை நேசியுங்கள்' என்று ஓர் அறிவிப்பு. எழுதியவனுக்கும் வெட்கமில்லை, நட்டவனுக்கும் வெட்கமில்லை.

கோபுரத்தின் படம் என் மேசைக்கு வந்தபோதுதான் எனக்குப் பகீரென்றது. கேமரா மேலிருந்து எடுத்த படத்தில் லயத்துக் கூரைகள் பாசியும் சருகுமாகத் தெரிந்தன. பாஸ் அதன்மேல் 'ரூமா கோசோங்', காலி வீடு, என்று எழுதி வைத்திருந்தார். லயத்துக்குப் பின்னால் வரிசையாகக் குளியலறைகள். நான்கு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர் உண்டு. கூரை மட்டும் அந்தக் காலத்திலிருந்தே கிடையாது. கோபுரத்தின் மேல்தளத்தில் மேற்குப் பார்த்து நின்றால் முதலில் கடல் தெரியாது, அக்காவின் வாளிதான் தெரியும்.

படத்தைத் தூக்கிக்கொண்டு பாஸிடம் போனேன்.

"பாஸ், இது காலி வீடு இல்ல. என் அக்கா இருக்காங்க. இங்கதான் குளிக்கிறாங்க."

"அந்த லயத்துல இன்னுமா ஆளு இருக்கு?"

"ஏன், இருக்கக் கூடாதா?"

"கோவப்படாத லா. கழுகு பாக்க வர்றவன் கீழ பாப்பானா?"

கோபுரத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் கட்டச் சொன்னேன். வியூ போய்விடும் என்றார். குளியலறைகளுக்காவது தகரம் போட்டுக் கொடுக்கச் சொன்னேன். முதலாளியிடம் கேட்கிறேன் என்றார். கேட்டாரோ, மறந்தாரோ, கோபுரம் எழும்பிவிட்டது. சாரம் கட்டி வேலை செய்த வங்காளதேசத் தொழிலாளிகள், அக்கா துண்டோடு வெளியே வருவதைப் பார்த்தாலே திரும்பி நின்றுகொள்வார்களாம். அவர்களுக்கு இருந்த மரியாதை, படித்த எங்கள் பாஸுக்கு இல்லாமல் போயிற்று.

திறப்பு விழாவை வெள்ளிக்கிழமை காலையில் வைத்தார்கள். முதல் நாளே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, நாளைக்கு ஒரு நாளு மட்டும் காலையில குளிக்காதே."

"என்னாடி பேசுற? வெள்ளிக்கெழம எண்ணெ வச்சுக் குளிக்காம இருந்திருக்கேனா? அவனுங்க கழுகு பாக்கறதுக்கு நான் சிக்குத் தலையோட கோயிலுக்குப் போவணுமா?"

"அவங்க பாத்துடுவாங்கக்கா."

"முந்தி இருந்தது நானா, அந்தக் கோபுரமா?"

போனை வைத்துவிட்டு, நானும் விழாவுக்குப் போவதென்று முடிவு செய்தேன்.

விழாவில் நாடா வெட்டினார்கள், கை தட்டினார்கள், மூச்சு வாங்கி வாங்கி மேலே ஏறினார்கள். எல்லார் கழுத்திலும் ஹோட்டல் கொடுத்த பைனாகுலர். பாஸ் மேற்கே கை நீட்டி, "அங்க பாருங்க, அங்கிருந்துதான் வரும்" என்றார். அத்தனை பைனாகுலரும் ஒன்றாகத் திரும்பின. பிறகு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அக்கா சாரோங்கை மார்போடு கட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடியபடி தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒருவன் சிரித்தான். இன்னொருவன் போனை எடுத்தான். அவன் கையைத் தட்டிவிட்டேன், போன் தளத்தில் விழுந்தது, அவன் கூச்சல் போட்டான்.

அந்தச் சத்தத்தில் அக்கா முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பார்த்த பிறகு அவள் போட்ட சத்தம் சி ரூசா கடற்கரைக்கே கேட்டிருக்கும்.

"டேய்! கண்ணு அவிஞ்சு போவும்டா ஒங்களுக்கு! ஒங்க வூட்டுல பொம்பளைங்களே இல்லியாடா?"

ஒருவரும் நிற்கவில்லை. சுற்றிச் சுற்றி வளைத்த பாதையை விட்டுவிட்டு, சரிவில் நேராக இறங்கி ஓடினார்கள். அன்றைக்குத்தான் அவர்களுக்கு நல்ல எக்ஸ்பீரியன்ஸ்.

அதன் பிறகு அக்கா குளியலறைப் பக்கம் போகவில்லை. அடுப்படி மூலையில் வாளியை வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, திருடி மாதிரி குளித்தாள். "எனக்கு வெக்கமா இருக்குடி" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். என் அக்கா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. பாஸிடம் போய், நாலு தகரம் போட்டால் முடிகிற வேலை என்றேன்.

"லயம் தோட்டத்துக்காரங்களோடது. அடுத்தவன் சொத்துல நாம கை வைக்க முடியாது லா" என்றார்.

அடுத்தவன் வீட்டில் கண்ணை வைக்கலாமாம், கையை வைக்கக் கூடாதாம். தோட்டத்து அலுவலகத்திலோ, லயத்தையே ஒரு நாள் இடிக்கப் போகிறோம், அதற்கெதற்குக் கூரை என்று கேட்டார்கள். யானை வாங்கியவனிடம் அங்குசத்துக்குக் காசில்லை. கடைசியில் முதலாளி ஒரு தீர்ப்புச் சொன்னார்: கோபுரத்தின் மேற்குப் பக்கத்தைப் பலகை வைத்து மூடிவிடுங்கள்.

மூடினோம். என்னைத்தான் வரையச் சொன்னார்கள். நானும் வாயைத் திறக்காமல், கழுகு எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தை முழுசாக அடைத்து வரைந்து கொடுத்தேன். பலகையில் இரண்டு பெரிய சிறகுகளை வர்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். விருந்தாளிகள் அதில் முதுகைச் சாய்த்து, கையை விரித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கூட்டம் அள்ளுகிறது. பாஸுக்கு இப்போது ரொம்பப் பெருமை.

போன வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பழையபடி குளியலறையில்தான் குளித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "அடியே, ஓடியா!" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள். வழுக்கி விழுந்துவிட்டாளோ என்று பதறி ஓடினேன். தலையெல்லாம் சீயக்காயோடு அண்ணாந்து நின்றுகொண்டிருந்தாள். நாலு சுவருக்கு நடுவே, திறந்த வானத்தில், கழுகுகள் வட்டம் போட்டபடி வந்துகொண்டே இருந்தன. அந்தப் பக்கம் கோபுரத்தில் பலகையின் முதுகு தெரிந்தது. அதற்குப் பின்னாலிருந்து சிரிப்பும் கூச்சலும் கேட்டன.

"பாவம்டி" என்றாள் அக்கா. "அவ்ளோ தூரம் கடலத் தாண்டி வருதுங்க. பாக்கறதுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன்."

சொல்லிவிட்டு அடுத்த செம்பை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள்.